புதிய வாழ்க்கை வரலாறுகளும் நினைவுக்குறிப்புகளும்: எதை எடுப்பது, எப்படிப் படிப்பது?

பெரிய பெயர், கண்ணைப் பறிக்கும் அட்டை, 600 பக்கம். வாங்கலாமா வேண்டாமா என்று புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு, நினைவுக்குறிப்பு எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஒருவரைப் பற்றி இன்னொருவர் எழுதினால் வாழ்க்கை வரலாறு. பிறப்பிலிருந்து தொடங்கித் தன் கதை முழுவதையும் தானே சொன்னால் தன்வரலாறு. சுயசரிதை என்றும் சொல்கிறோம். ஒரு நோய், ஒரு பிரிவு, ஒரு சிறைவாசம் என்று வாழ்க்கையின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி எழுதினால் நினைவுக்குறிப்பு. சல்மான் ருஷ்டியின் 'நைஃப்' (2024) நினைவுக்குறிப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022 ஆகஸ்ட் 12 அன்று மேடையில் தன்மேல் நடந்த கத்திக்குத்தையும் அதிலிருந்து மீண்டதையும் தாண்டி அது அதிகம் விலகுவதில்லை. தலைமறைவாக வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றி 2012-இல் அவர் எழுதிய 'ஜோசப் ஆன்டன்' வேறு வகை; அதில் தன்னையே 'அவர்' என்று படர்க்கையில் எழுதுகிறார்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், சோதிக்கும் முறை மாறுகிறது. வாழ்க்கை வரலாறு எழுதுபவர் சான்றுக்குக் கட்டுப்பட்டவர். 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று அவரை ஒவ்வொரு பக்கத்திலும் கேட்கலாம். நினைவுக்குறிப்பு எழுதுபவரிடம் கேட்க வேண்டியது, தன் நினைவு எங்கே தடுமாறுகிறது என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்கிறாரா என்பதை.

வாங்குவதற்கு முன் பத்து நிமிடத்தில் எப்படி எடை போடுவது?

புத்தகத்தைப் பின்னாலிருந்து திறங்கள். வாழ்க்கை வரலாற்றின் உண்மையான தரம் அங்கேதான் தெரியும்.

முதலில் சான்றுக் குறிப்புகள். 500 பக்க வாழ்க்கை வரலாற்றில் கடைசி 80, 100 பக்கம் குறிப்புகளுக்கே போவது இயல்பு. பத்துப் பக்கத்தில் முடிந்திருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். எத்தனை என்பதோடு எப்படிப்பட்டவை என்றும் பாருங்கள். கடிதம், நாட்குறிப்பு, நீதிமன்றப் பதிவு, தேதி போட்ட நேர்காணல் ஆகியவை மூலச் சான்றுகள். பழைய வாழ்க்கை வரலாறுகளும் செய்தித்தாள் கட்டுரைகளுமே மாறி மாறி வந்தால், அது ஏற்கெனவே தெரிந்ததைத் தொகுத்த புத்தகம். அறிமுகத்துக்கு அதுவும் உதவும். ஆனால் 'இதுவரை சொல்லப்படாத கதை' என்று பின்னட்டை சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து சொல்லடைவு, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று புத்தகத்தின் கடைசியில் தரும் அகரவரிசைப் பட்டியல். அந்த மனிதரைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு சங்கடமான செய்தி இருக்கும்: முறிந்த நட்பு, தோற்ற வழக்கு, விலகிப்போன முதல் மனைவி. அந்தப் பெயரைத் தேடுங்கள். ஆளே இல்லை அல்லது ஒரே ஒரு பக்கத்தில் வந்துபோகிறார் என்றால், எழுத்தாளர் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

பிறகு பொருளடக்கம். அத்தியாயங்களுக்கு எதிரே ஆண்டுகளைப் போட்டுப் பாருங்கள். முதல் 20 ஆண்டுக்கு 150 பக்கமும், அவர் அதிகாரத்தில் இருந்த 15 ஆண்டுக்கு 90 பக்கமும் கொடுத்திருந்தால் சான்று கிடைத்த இடத்தில் எழுத்தாளர் தங்கிவிட்டார், கிடைக்காத இடத்தில் ஓடிவிட்டார் என்று பொருள். காப்பகம் எங்கே திறந்தது, எங்கே மூடியது என்பதைப் பக்கக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

நன்றியுரையைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். அது தகவல் நிறைந்த பகுதி. குடும்பத்தார் யார் பேசினார்கள், யார் ஆவணங்களைத் திறந்துவிட்டார்கள், யாருடைய பெயர் இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். குடும்பத்துக்கு நன்றி மிக நீளமாகவும், எதிர்த்தரப்புக்கு ஒரு வரிகூட இல்லாமலும் இருந்தால், புத்தகத்தின் சாய்வு தெரிந்துவிடும்.

கடைசியாக நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் படியுங்கள். முதல் அத்தியாயம் எல்லாப் புத்தகத்திலும் நன்றாகவே இருக்கும். அதிகம் இழைத்து எழுதப்படுவது அதுதான். 'அன்றிரவு அவர் மனம் கலங்கியது' என்பதுபோல ஒரு வரி கண்ணில் பட்டால், அதற்குரிய குறிப்பைப் பின்னால் தேடுங்கள். மறுநாள் எழுதிய கடிதம் என்று இருந்தால் சரி. ஒன்றுமே இல்லையென்றால் அது நாவலாசிரியரின் வேலை.

பக்கத்தில் எண்களே இல்லை. அப்படியானால் குறிப்பே இல்லாத புத்தகமா?

அவசரப்பட வேண்டாம். பொதுவாசகருக்கான பதிப்புகளில், வாசிப்பு தடைபடக்கூடாது என்று எண்களை நீக்கிவிட்டு, புத்தகத்தின் கடைசியில் பக்க எண்ணையும் அந்த வரியின் முதல் சில சொற்களையும் கொடுத்து, அதற்கு எதிரே சான்றைப் போடுவார்கள். '212, அவர் திரும்பி வரவில்லை:' என்று இருந்தால், 212-ஆம் பக்கத்தில் அந்தச் சொற்களைத் தேட வேண்டும். படிக்கும்போதே பின்பக்கத்தில் இரண்டாவது அடையாளத்தாள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது ஆண்டுக்கு முன் நடந்த உரையாடலை வார்த்தை மாறாமல் எழுதுகிறார்களே, அதை நம்பலாமா?

வார்த்தைக்கு வார்த்தை நம்ப வேண்டாம். அழுத்தமான நினைவுகூடத் தவறும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அந்தச் செய்தியை எங்கே, யாரிடமிருந்து கேட்டீர்கள் என்று உளவியலாளர்கள் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்குப் பிறகு அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டார்கள். நான்கில் ஒரு பங்கினர் எல்லா முக்கிய விவரத்தையும் மாற்றிச் சொன்னார்கள், அதுவும் பலர் மிகுந்த உறுதியோடு. பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. மனம் அப்படித்தான் அடுக்கிவைத்துக்கொள்கிறது.

அதனால் நல்ல நினைவுக்குறிப்பு எழுத்தாளர்கள் சில பழக்கங்களைக் கைக்கொள்கிறார்கள். தன் நினைவையும் அக்காவின் நினைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். பழைய கடிதம், மருத்துவமனைச் சீட்டு, புகைப்படத்தின் பின்பக்கத் தேதி என்று எதையாவது தேடிப்போய்ச் சரிபார்ப்பார்கள். உரையாடலைக் குறைத்து, ஒருவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு வரியை மட்டும் மேற்கோளாகத் தருவார்கள். பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன, இரண்டு சம்பவங்கள் ஒன்றாக்கப்பட்டுள்ளன என்ற அறிவிப்பு முன்பக்கத்திலேயே இருக்கும். பக்கம் பக்கமாக நாடகம்போல உரையாடல் ஓடி, இந்த அறிவிப்பும் இல்லையென்றால், அதை உணர்வின் பதிவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; நடந்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதியது நல்லதா, ஒப்புதல் இல்லாமல் எழுதியதா?

இரண்டிலும் ஆபத்து உண்டு. ஒப்புதல் கிடைத்தால் ஆவணப் பெட்டி திறக்கும். சில சமயம் வாய் மூடும். ஒப்புதல் இல்லையென்றால் வாய் திறக்கும்; பெட்டி பூட்டியே இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அச்சுக்குப் போகும் முன் உள்ளடக்கத்தை மாற்றும் உரிமை யாரிடம் இருந்தது? ஸ்டீவ் ஜாப்ஸ் தானே வால்டர் ஐசக்சனை அழைத்து 40-க்கும் மேற்பட்ட நேர்காணல் கொடுத்தார், ஆனால் உள்ளடக்கத்தில் கைவைக்கும் உரிமையைக் கேட்கவில்லை. 2011 அக்டோபரில், அவர் இறந்து மூன்று வாரத்துக்குள் வெளிவந்த அந்தப் புத்தகத்தில் அவருடைய கடுமைகளும் இடம்பெற்றதற்கு அதுவே காரணம். இத்தகைய ஏற்பாடு முன்னுரையிலோ நன்றியுரையிலோ சொல்லப்பட்டிருக்கும். சொல்லப்படவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

கடிதங்களை அப்படியே தராமல் சுருக்கிச் சொல்வது ஏன்?

பெரும்பாலும் சட்டத்தால். கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள சொற்களின் உரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் வாரிசுகளுக்கும். இயன் ஹாமில்டன் என்பவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜே. டி. சாலிஞ்சரின் வாழ்க்கையை எழுத, பல்கலைக்கழக நூலகங்களில் இருந்த கடிதங்களைப் பயன்படுத்தினார். சாலிஞ்சர் வழக்குத் தொடுத்தார். 1987-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஹாமில்டன் புத்தகத்தைத் திருத்தி எழுதி 1988-இல்தான் வெளியிட முடிந்தது. ஆகவே மேற்கோள் குறைவாக இருக்கும் புத்தகத்தைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். அனுமதி கிடைக்கவில்லை என்ற வரி குறிப்புகளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரபலங்களின் புத்தகத்தை அவர்களே எழுதுகிறார்களா?

பலர் கோஸ்ட் ரைட்டரை, அதாவது பிறர் பெயரில் எழுதித் தருபவரை, வைத்துக்கொள்கிறார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. பந்தடிக்கத் தெரிந்தவருக்கு வாக்கியம் அமைக்கவும் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. டென்னிஸ் வீரர் ஆண்ட்ரே அகாசியின் 'ஓபன்' (2009), இளவரசர் ஹாரியின் 'ஸ்பேர்' (2023) இரண்டிலும் உழைத்தவர் ஜே. ஆர். மோரிங்கர் என்ற ஒரே எழுத்தாளர். 'ஸ்பேர்' வெளியான முதல் நாளில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றிலும் சேர்த்து 14 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. டென்னிஸைத் தான் வெறுத்ததாக அகாசி சொல்வதும், அதை அந்தப் புத்தகம் படிப்படியாக விளங்கவைப்பதும் நீண்ட நேர்காணல் உழைப்பால் வந்தவை.

கண்டுபிடிக்க அட்டையில் இரண்டாவது பெயர், காப்புரிமைப் பக்கம், நன்றியுரையில் 'இந்தக் கதைக்கு வடிவம் தந்த' என்பதுபோன்ற வரி ஆகிய மூன்றையும் பாருங்கள். அதைவிட முக்கியம் குரல். தொழில் பற்றிப் பேசும்போது கைப்பழக்கம் தெரிகிறதா? காயம் எந்த விரலில், பயிற்சி எத்தனை மணிக்கு, எந்தக் காலணி கடித்தது என்று நுணுக்கம் வந்தால், கேட்டவர் நன்றாகக் கேட்டிருக்கிறார். 'கடின உழைப்பும் நம்பிக்கையும்' என்று பொதுவாகவே ஓடினால், இரண்டு நாள் பேச்சில் தேற்றிய புத்தகம்.

முழுப் பொய்யாக எழுதப்பட்டவையும் உண்டாமே?

உண்டு. ஜேம்ஸ் ஃப்ரேயின் 'எ மில்லியன் லிட்டில் பீசஸ்' 2003-இல் நினைவுக்குறிப்பாக வந்தது. அதில் அவர் 87 நாள் சிறையில் இருந்ததாக எழுதியிருந்தார். 2006 ஜனவரியில் ஓர் இணையதளம் காவல்துறைப் பதிவுகளைத் தேடியெடுத்தபோது, காவலில் இருந்தது சில மணி நேரமே என்று தெரிந்தது. ஏமாந்த வாசகர்களுக்குப் பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. கெட்டி அட்டைப் பதிப்பை வாங்கியவர்கள் சான்றாக 163-ஆம் பக்கத்தைக் கிழித்து அனுப்ப வேண்டும் என்றது.

நாட்குறிப்பு என்றாலே உண்மை என்பதும் இல்லை. 1983-இல் 'ஷ்டெர்ன்' என்ற ஜெர்மன் இதழ் இட்லரின் நாட்குறிப்புகள் என்று வெளியிட்டவை கோன்ராட் குயாவ் என்ற மோசடிக்காரர் எழுதியவை. தாளில் இருந்த வெண்மையூட்டி, போர் முடிந்த பிறகே புழக்கத்துக்கு வந்த பொருள் என்று ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. கையெழுத்தை மட்டும் நம்பி ஒப்பிட்டவர்கள் ஏமாந்ததற்குக் காரணம், ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலேயே குயாவ் எழுதியவை கலந்திருந்தன.

வாசகராக நீங்கள் கவனிக்கக்கூடிய அறிகுறிகள் உண்டு. துன்பம் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு படி கூடிக்கொண்டே போகும், ஆனால் ஊர்ப் பெயரோ தேதியோ உயிரோடு இருக்கும் சாட்சியோ வராது. எல்லாருமே இறந்துபோயிருப்பார்கள் அல்லது பெயர் மாறியிருப்பார்கள். எழுதியவர் எந்த இடத்திலும் சிறுமைப்படமாட்டார். தவறுகூடப் பிரமாண்டமாகவே இருக்கும்.

ஏற்கெனவே பல வரலாறுகள் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

நியாயமான கேள்வி. புதிய புத்தகத்தைப் பார்த்து 'ஏன் இப்போது?' என்று கேளுங்கள். நினைவுநாள் வருகிறது, திரைப்படம் வருகிறது என்பதைத் தவிர வேறு பதில் இல்லையென்றால் விட்டுவிடலாம். புதிய ஆவணம் என்றால் கட்டாயம் பாருங்கள்.

மார்ட்டின் லூதர் கிங் பற்றி ஜோனதன் ஐக் எழுதிய 'கிங்: எ லைஃப்' (2023) இதற்கு மிகச் சிறந்த சான்று. 1965 ஜனவரியில் ஓர் இதழில் வந்த நேர்காணலில், இன்னொரு கறுப்பினத் தலைவரான மால்கம் எக்ஸைக் கிங் கடுமையாகச் சாடியதாக அரை நூற்றாண்டுக்கு மேல் பல வரலாறுகள் மேற்கோள் காட்டிவந்தன. ஐக் டியூக் பல்கலைக்கழகக் காப்பகத்தில் அந்த நேர்காணலின் தட்டச்சுப் பிரதியை எடுத்துப் பார்த்தார். அச்சில் வந்த சில வரிகள் அதில் இல்லை. வேறொரு கேள்விக்குச் சொன்ன பதிலின் துண்டு, மால்கம் எக்ஸ் பற்றிய பதிலோடு ஒட்டப்பட்டிருந்தது. அச்சேறியதை அச்சேறியதிலிருந்தே எடுத்துக்கொண்டு போனவர்களுக்குத் தெரியாமல்போனது, மூலத்தைத் தேடிப்போனவருக்குக் கிடைத்தது. கிங்கை வேவு பார்த்த ஒலிப்பதிவுகள் 1977-ஆம் ஆண்டு நீதிமன்ற உத்தரவுப்படி 2027 வரை முத்திரையிடப்பட்டவை. அவை திறந்தால் இந்த வரலாறும் மறுபடி எழுதப்படும்.

சரி, அண்மையில் வந்தவற்றில் எதைப் படிக்கலாம்?

மேலே சொன்ன 'கிங்' முதலில். வாழ்க்கை வரலாறு எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்றுக்கொள்ளவே அதைப் படிக்கலாம்.

அறிவியல் வரலாற்றில் ஆர்வம் இருந்தால், ஜேசன் ராபர்ட்ஸின் 'எவ்ரி லிவிங் திங்' (2024). உயிரினங்கள் எல்லாவற்றுக்கும் பெயரிட்டு வகைப்படுத்த முனைந்த லின்னேயஸ், புஃபோன் இருவரையும் ஒன்றாக எழுதுகிறது. இருவரும் 1707-இல் பிறந்தவர்கள். ஒரே வேலையை எதிரெதிர் மனநிலையோடு செய்தார்கள்: ஒருவருக்கு இயற்கை மாறாத அடுக்கு, மற்றவருக்கு மாறிக்கொண்டே இருக்கும் ஓட்டம். இரட்டை வரலாறு எழுதுவது கடினம்; ஒருவர் மற்றவரை விழுங்கிவிடுவார். இதில் அது நடக்கவில்லை. 2025-இல் புலிட்சர் பரிசு பெற்றது.

நினைவுக்குறிப்பில் கிறிஸ்தீனா ரிவேரா கார்சாவின் 'லிலியானாஸ் இன்வின்சிபிள் சம்மர்' (2023) அசைத்துவிடும். 1990 ஜூலையில் மெக்சிகோ நகரத்தில் கொலையுண்ட தங்கையைப் பற்றியது. தங்கை விட்டுச்சென்ற கடிதங்களும் குறிப்புகளும், வழக்குக் கோப்பைத் தேடி அக்கா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதும் சேர்ந்து புத்தகமாகியிருக்கின்றன. துக்கத்தைச் சான்றோடு எழுதுவது எப்படி என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் புத்தகம் அண்மையில் அரிது. மனம் தயாராக இருக்கும்போது எடுங்கள்.

டெஸ்ஸா ஹல்ஸின் 'ஃபீடிங் கோஸ்ட்ஸ்' (2024) படக்கதை வடிவில் உள்ளது. ஷாங்காயில் பத்திரிகையாளராக இருந்து ஹாங்காங்குக்குத் தப்பிச்சென்ற பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறை. படம்தானே என்று வேகமாகப் புரட்டினால் பாதி போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் போதும்.

அருந்ததி ராயின் 'மதர் மேரி கம்ஸ் டு மீ' (2025) அவருடைய தாய் மேரி ராயைப் பற்றியது. சிரியன் கிறித்தவப் பெண்களுக்குத் தந்தை சொத்தில் சமபங்கு பெற்றுத்தந்த 1986-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்தத் தாய் தொடுத்த வழக்கில் வந்தது. பொதுவாழ்வில் போராளி, வீட்டில் அஞ்சவைத்தவர் என்ற இரண்டையும் ஒன்றோடொன்று சமாதானப்படுத்தாமல் மகள் எழுதியிருக்கிறார். பெற்றோரைப் பற்றி எழுத நினைப்பவர்கள் படிக்க வேண்டும்.

அரசியல் தலைவர்களின் புத்தகங்களில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் முன்னாள் தலைமை அமைச்சர் ஆங்கேலா மெர்கல் தன் நீண்டகால உதவியாளர் பெயாட்டெ பவுமனோடு சேர்ந்து எழுதிய 'ஃப்ரீடம்' (2024) 700 பக்கத்தைத் தாண்டும். கிழக்கு ஜெர்மனியில் கழிந்த முதல் 35 ஆண்டுகளைச் சொல்லும் பகுதி உயிரோட்டமானது. பதவிக்காலப் பகுதிகளை, உங்களுக்கு ஆர்வமான நெருக்கடியைச் சொல்லடைவில் பார்த்துத் தேர்ந்து படித்தால் போதும்.

எழுதியவர் இறந்த பிறகு வரும் புத்தகங்கள்?

யார் முடித்தார், எதைச் சேர்த்தார் என்பதே முதல் கேள்வி. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னியின் 'பேட்ரியட்' 2024 பிப்ரவரியில் அவர் சிறையில் இறந்து எட்டு மாதத்துக்குப் பிறகு வந்தது. நஞ்சூட்டப்பட்டு ஜெர்மனியில் சிகிச்சை பெற்றபோது தொடங்கிய பகுதி ஒழுங்கான தன்வரலாறு. பிற்பகுதி சிறை நாட்குறிப்பு. நடை சட்டென்று மாறுவது குறையில்லை. கட்டியமைக்க அவகாசம் கிடைத்த எழுத்து முன்னது, கிடைக்காத எழுத்து பின்னது. பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் மகள் லிசா மேரி பிரெஸ்லியின் புத்தகத்தை (2024), அவர் பதிவுசெய்த ஒலிநாடாக்களிலிருந்து மகள் ரைலி கீயோ முடித்தார். தாயின் குரலும் மகளின் குரலும் தனித்தனியாகத் தெரியும்படி அமைத்தது சரியான முடிவு.

முடியாமல் நின்ற தன்வரலாறுகளில் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940-இல் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கியது, 1942-இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 1900-த்தோடு நின்றுவிட்டது. கடைசி நாற்பது ஆண்டு அதில் இல்லை. ஆனாலும் பாதி வாழ்க்கையைச் சொல்லும் அந்தப் புத்தகம் பல முழு வரலாறுகளைவிட நிறைவாக இருக்கிறது. ஏட்டுச்சுவடி தேடி அலைந்த ஒவ்வொரு பயணத்தையும் ஆள், இடம், பாடம் என்று அவர் பெயர்சொல்லிப் பதிந்திருப்பதால்.

நாட்குறிப்புகளில் பதிப்பாசிரியரின் கை எவ்வளவு?

நினைப்பதைவிட அதிகம். ஆன் ஃபிராங்க் 1944 மார்ச்சில் வானொலியில், போர்க்கால நாட்குறிப்புகள் திரட்டப்படும் என்று கேட்டபின், தன் நாட்குறிப்பைத் தானே திருத்தி எழுதத் தொடங்கினார். 1947-இல் தந்தை வெளியிட்டது, இரண்டு வடிவங்களிலிருந்தும் எடுத்துச் சில பகுதிகளை நீக்கித் தொகுத்தது. வடிவங்களை அருகருகே வைத்த ஆய்வுப்பதிப்பு 1986-இல் வந்தது. எந்த நாட்குறிப்பை வாங்கினாலும் முன்னுரையில் 'எவை நீக்கப்பட்டன' என்ற பத்தியைத் தேடுங்கள்.

வெளியானவுடன் வாங்கலாமா, காத்திருக்கலாமா?

உயிரோடு இருப்பவரைப் பற்றிய புத்தகம் என்றால் காத்திருப்பது நல்லது. 2023 செப்டம்பரில் ஈலான் மஸ்க் பற்றிய ஐசக்சனின் புத்தகத்திலிருந்து ஒரு பகுதி செய்தித்தாளில் வந்ததும், கிரைமியா அருகே மஸ்க் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையச் சேவை பற்றிய விவரத்தை அவரே திருத்த வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட பிழைகள் பிறகு வரும் மென்அட்டைப் பதிப்பில் பெரும்பாலும் சரிசெய்யப்பட்டிருக்கும், சில சமயம் பின்னுரையும் சேர்ந்திருக்கும். மதிப்புரைகளிலும் முதல் வாரத்தில் வருபவை புத்தகத்தில் உள்ள பரபரப்பைச் சொல்லும். துறை அறிந்தவர்கள் இரண்டு, மூன்று மாதம் கழித்து எழுதுபவை பிழையைச் சொல்லும். இரண்டாவதைத் தேடுங்கள்.

900 பக்கத்தை எப்படிப் படித்து முடிப்பது?

வரிசையாகப் படிக்க வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. பெரும்பாலானோர் நின்றுவிடுவது கொள்ளுப்பாட்டனில் தொடங்கும் முதல் 60 பக்கத்தில். அதைத் தாண்டி, அந்த மனிதர் முதன்முதலில் ஒரு முடிவெடுக்கும் அத்தியாயத்தில் தொடங்குங்கள். அவர்மேல் அக்கறை வந்தபின் முன்னோர் கதைக்குத் திரும்பினால் அது சுமையாக இருக்காது.

ஒரு தாளை இரண்டாக மடித்து உள்ளே வையுங்கள். இடப்பக்கம் ஆண்டு, அவருடைய வயது. வலப்பக்கம் பெயர், உறவு. வயது எழுதுவது மிக உதவும். '1931-இல் பதவி விலகினார்' என்பது மனதில் நிற்காது. '29 வயதில் வேலையை உதறினார்' என்பது நிற்கும். பெயர்களில், மூன்று முறை வந்தவரை மட்டும் குறித்தால் போதும்; 25 பெயருக்குமேல் போகாது.

நாளுக்கு 30 பக்கம் என்றால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஒரு வாரம் விட்டுவிட்டால் மறுபடி பெயர்கள் குழம்பும். அதனால் நேரமில்லாத நாளில் ஐந்து பக்கமாவது படியுங்கள். பல தொகுதிகள் என்றால் முதல் தொகுதியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ராபர்ட் காரோ அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த லிண்டன் ஜான்சனைப் பற்றி 1982, 1990, 2002, 2012 ஆண்டுகளில் நான்கு தொகுதிகள் எழுதியிருக்கிறார். நான்காவது தொகுதி கென்னடி கொலையையும் ஜான்சன் பதவியேற்ற நாள்களையும் சொல்வதால், பலருக்கு அதுவே எளிய வாசல்.

ஒலிநூலா, மின்னூலா, அச்சா?

நினைவுக்குறிப்பை எழுதியவரே வாசித்தால் ஒலிநூலில் கேளுங்கள். எங்கே தயங்குகிறார், எங்கே வேகமெடுக்கிறார் என்பது அச்சில் கிடைக்காது. 'முழுமையானது' என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். சுருக்கப் பதிப்பில் பல பகுதிகள் வெட்டப்பட்டிருக்கும். பெயர்கள் நிறைந்த வாழ்க்கை வரலாற்றை ஒலியில் கேட்டால், மூன்றாவது அமைச்சர் வரும்போது முதலாமவர் மறந்துபோவார், குறிப்புகளும் கிடைக்காது. மின்னூலில் குறிப்பைத் தொட்டுப் பார்த்துத் திரும்பலாம், பெயரைத் தேடலாம். ஆனால் புகைப்படப் பக்கங்களும் வரைபடங்களும் சிறுத்துப்போகும். போர், பயணம் சார்ந்த வரலாறுகளுக்கு அச்சுதான் வசதி.

மொழிபெயர்ப்பில் படிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எந்த மொழியிலிருந்து வந்தது என்பதை. காந்தியின் தன்வரலாறு 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் குஜராத்தியில் தொடராக வந்தது. மகாதேவ் தேசாய் ஆங்கிலமாக்கினார். ஆங்கிலத்தின் வழியாக வரும் மொழிபெயர்ப்புக்கும் மூலத்திலிருந்து நேராக வருவதற்கும் தொனியில் வேறுபாடு இருக்கும். அடுத்து, குறிப்புகளும் சொல்லடைவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்தைக் குறைக்க அவற்றை விட்டுவிடும் பதிப்புகள் உண்டு. வாழ்க்கை வரலாற்றில் அது பெரிய இழப்பு. அதே ஆளின் பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தால், செம்மையாக்கம் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

விருது பெற்றது என்றால் நம்பி வாங்கலாமா?

ஓரளவு. புலிட்சர் பரிசில் 2022 வரை வாழ்க்கை வரலாறும் தன்வரலாறும் ஒரே பிரிவு. 2023 முதல் நினைவுக்குறிப்புக்குத் தனிப் பிரிவு வந்தது. முதல் பரிசு ஹுவா ஷூவின் 'ஸ்டே ட்ரூ'வுக்கு. பரிசு பெற்றதைப் போலவே இறுதிப் பட்டியலில் நின்ற மற்ற நூல்களையும் பாருங்கள். உங்களுக்கு ஏற்றது அங்கேயும் இருக்கலாம்.

பிடிக்காத மனிதரின் வரலாற்றைப் படிக்க வேண்டுமா?

ஒன்றிரண்டாவது படியுங்கள். பெவர்லி கேஜின் 'ஜி-மேன்' (2022), அமெரிக்காவின் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையை (எஃப்.பி.ஐ.) 1924 முதல் 1972-இல் இறக்கும்வரை பிடியில் வைத்திருந்த எட்கர் ஹூவரைப் பற்றியது. அவர் ஒரு தனிமனித அரக்கன் அல்ல, மக்களிடமும் எட்டு குடியரசுத் தலைவர்களிடமும் ஆதரவு பெற்றிருந்தவர் என்பதைக் கேஜ் காட்டுகிறார். வெறுப்பவரைப் புரிந்துகொள்வது அவரை மன்னிப்பதாகாது. அப்படி ஒருவர் அரை நூற்றாண்டு நிலைத்தது எப்படி என்பதற்கு விடை வேண்டுமானால், புகழ்ந்து எழுதியதிலும் கிடைக்காது, வைது எழுதியதிலும் கிடைக்காது.

ஒரே மனிதரின் தன்வரலாறும் பிறர் எழுதிய வரலாறும் கையில் இருந்தால், எது முதலில்?

தன்வரலாறு. அவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதை, வேறு யாரும் குறுக்கே பேசாமல் முதலில் கேளுங்கள். படிக்கும்போது, ஓரிரு வரியில் அவர் தாண்டிப்போகும் இடங்களைப் பென்சிலால் குறித்துவையுங்கள். பிறகு வாழ்க்கை வரலாற்றின் சொல்லடைவைத் திறந்து, முதலில் அந்த இடங்களைத் தேடிப் படியுங்கள்.